கசக்குதா?

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்கக்கா. மூக்குத்தண்டு மேல. ரெண்டு கை விரலாலயும்."

அவள் அழுத்தினாள். மாஸ்க்கின் மேல்விளிம்பில் இருந்த தகடு வளைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது. எதிரே நின்ற நர்ஸ், தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் இரண்டு வார்களையும் சரிசெய்தாள். பிறகு மாஸ்க்கைச் சுற்றி உள்ளங்கைகளைக் குவித்துக்கொண்டு, மூச்சை வேகமாக விடச் சொன்னாள்.

"கண்ணுப் பக்கம் காத்து வருதா?"

இல்லை என்று தலையாட்டினாள். செத்துப்போன புருஷனைப் பார்க்கப் போகிறவளிடம் காற்று வருகிறதா என்று கேட்கிறார்களே என்று தோன்றியது. கோபமாக வரவேண்டிய நினைப்பு, யாரோ பக்கத்தில் நின்று சொன்னதுபோல வந்து போயிற்று. காலையில் ஃபோன் வந்ததிலிருந்து எல்லாமே அப்படித்தான் இருந்தது. நேற்று சாயங்காலம் அவரே பேசினார். மூச்சு வாங்கியது, ஆனால் பேசினார். சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது, மெத்தையை வெயிலில் போட்டு வை என்றார். மெத்தை இப்போதும் மொட்டை மாடியில்தான் கிடந்தது.

அந்த நர்ஸை ஆஸ்பத்திரியில் மாஸ்க் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை செய்கிறவர்களுக்கு நோய் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. சின்னப் பெண்தான், ஆனால் சட்டம் பேசும் என்று அவர் வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறார். சட்டம் பேசுகிற அந்தப் பெண் இப்போது, சரிசெய்த வார்களையே மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே அதிக நேரம் நிற்கக் கூடாது, தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அது நுரையீரல் தொற்று வார்டு. அவர் வேலை பார்த்த வார்டும் அதுதான். ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் சாய்த்து உருட்டி வருவார், காலியானதைக் கழற்றி நிறைந்ததை மாட்டுவார். டாக்டர்கள் முதல் கூட்டுகிறவர்கள் வரை எல்லாருக்கும் அவர் சிலிண்டர் அண்ணன்தான். அவருடைய சொந்தப் பெயரைக் காலையில் ஃபோனில் சொன்னபோது, யாரைச் சொல்கிறார்கள் என்று அவளுக்கே ஒரு நொடி பிடிபடவில்லை.

கடைசிக் கட்டிலில் கிடந்தார். பக்கத்தில் சிலிண்டர் மூடியிருந்தது. சின்ன வயதில் பந்து பட்டு ஒரு பக்கமாகக் கோணிப்போன மூக்கு, அப்படியே கோணலாக இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. எழுந்து உட்காரப் போகிறவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது பார்த்து இருமல் வந்தது. மாஸ்க்குக்குள் அடக்கி அடக்கி இருமினாள். தன் இருமல் சத்தம் தன் காதிலேயே விழுந்ததும் உடனே திரும்பி வெளியே வந்துவிட்டாள்.

அந்த இருமல்தான் வீட்டில் பேச்சாக இருந்தது. அவள் ஒரு மழலையர் பள்ளியில் ஆயா. மூக்கு ஒழுகாத குழந்தையை அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். போன மாதம் அவளுக்குச் சளியும் இருமலும் வந்தன, அது தணிகிற சமயத்தில் அவருக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. நான்தான் கொடுத்துவிட்டேனோ என்ற கேள்வி, அவர் ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது. அவர் பிழைத்து வந்துவிட்டால் அந்தக் கேள்வி தன்னால் போய்விடும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

நடைபாதை பெஞ்சில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்குப்பாத்திரம். தம்பிக்குக் காலையில் சமைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஃபோன் வந்திருக்கிறது. சமைத்ததை என்ன செய்வதென்று தெரியாமல் கையோடு எடுத்து வந்துவிட்டாள். அம்மா இல்லாத வீட்டில் தம்பியை ஆளாக்கியவள் அவள். தன் கைச் சாப்பாடு என்றால் தம்பி உயிரை விடுவான் என்று வாய்க்கு வாய் சொல்லுவாள். கல்யாணமான புதிதில் அவளுக்கு முன்னால் சமைக்கவே இவளுக்குக் கை வராது. அவர் அக்கா வீட்டுச் சாப்பாட்டை ஒவ்வொரு வாய்க்கும் புகழ்வார், தலையை ஆட்டி ஆட்டிச் சாப்பிடுவார்.

மகள் ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள். உடலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, இங்கிருந்து நேராக எடுத்துப் போக வேண்டும் என்றார்கள். அதற்கான வண்டி வர நேரமாகும்.

பெரிய டாக்டர் பெஞ்சுப் பக்கம் வந்தார். சிலிண்டர் அண்ணனைப் போல ஒருத்தர் இனி கிடைக்க மாட்டார் என்றார். நிஜமான வருத்தம்தான், கண் கலங்கியிருந்தது. பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, வார்டில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் மாஸ்க் பொருந்துகிறதா என்று சோதித்தே அனுப்பியிருக்கிறோம், அண்ணனுக்கும் கச்சிதமாகப் பொருந்தியது, அதனால் நோய் இங்கிருந்து வந்திருக்க வழியில்லை என்று விளக்கினார்.

"வீட்டுல யாருக்காவது முன்னாடி இருமல் இருந்துச்சாம்மா?"

"எனக்கு இருந்துச்சு டாக்டர்" என்றாள்.

கேட்டதற்குப் பதில் சொல்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அது வந்துவிட்டது. டாக்டர் தலையை அசைத்தார். நாத்தனார் தூக்குப்பாத்திரத்தின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி, "நான் அன்னிக்கே சொன்னேன். தனியாப் படுன்னு சொன்னேன்" என்றாள். திட்டுகிற குரல்கூட இல்லை அது. அதுதான் தாங்க முடியவில்லை. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கால் தரையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள், இருந்தது.

டாக்டர் போனபிறகு மாஸ்க் சிஸ்டர் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்து அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். உறையில் அவருடைய ஃபோன், மூக்குக்கண்ணாடி, சிலிண்டர் திறக்கிற சாவி. சாவியை எப்போதும் இடுப்பில் செருகியிருப்பார், ஞாயிற்றுக்கிழமைகூட.

இந்தப் பெண் ஆறுதல் சொல்லத்தான் வந்தாள். உண்மையில் ஆறுதல் அவளுக்கும் தேவைப்பட்டது. தான் செய்ததில் குறை ஏதும் இல்லை என்று யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது அவளுக்கு. சாப்பாட்டு இடைவேளையில் டீ ரூமில் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்துச் சோதனை செய்தாளாம். தலையை மூடுகிற மாதிரி ஒரு பை, முன்னால் கண்ணாடித்தாள். அதைக் கவிழ்த்துவிட்டு ஒரு ஓட்டை வழியாக மருந்து தெளிப்பார்கள்.

இது அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து, தலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று நடித்தே காட்டினார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன மருந்துமா?" என்று கேட்டாள், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"கசப்பு மருந்துக்கா. மாஸ்க் சரியா ஒட்டலைன்னா அந்தக் கசப்பு உள்ள போயிடும், நாக்குல தெரியும். கசக்கலைன்னா மாஸ்க் பொருந்திடுச்சுன்னு அர்த்தம்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சிஸ்டர் கவனிக்கவில்லை. முதலில் மாஸ்க் இல்லாமல் கொஞ்சம் தெளிப்பார்களாம், கசப்பு எப்படி இருக்கும் என்று ஆள் தெரிந்துகொள்ள. யாரும் பயப்படக் கூடாதே என்று அவளே தன் வாயில் தெளித்துக் காட்டியிருக்கிறாள், முகத்தைச் சுளித்திருக்கிறாள். அடுத்து முதல் ஆளாக அண்ணன். "எங்க எல்லாரையும் விட அவர்தான்கா அதிகமாச் சுளிச்சார். கண்ணெல்லாம் மூடிக்கிட்டு. டீ ரூமே சிரிச்சுது." அப்புறம் மாஸ்க்கைப் போட்டுப் பையைக் கவிழ்த்துத் தெளித்தாள். கசக்குதா அண்ணா என்று கேட்டாள். இல்லை சிஸ்டர், ஒண்ணும் தெரியல என்றார்.

ஒன்றும் தெரியாதுதான். அந்த மனிதருக்கு நாக்கில் எதுவுமே தெரியாது.

பத்து வயதில் ஒரு காய்ச்சல் வந்து போனதில் ருசியும் போய்விட்டது. சூடு தெரியும், சில்லிப்பு தெரியும், காரம் எரியும். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எதுவும் கிடையாது. அம்மா போன துக்கத்தில் அடுப்படிக்குள் நுழைந்த அக்கா, ஒவ்வொரு வேளையும் எப்படிடா இருக்கு என்று ஆசையாகக் கேட்பாளாம். தெரியலை என்று சொல்ல அந்தப் பையனுக்கு மனசு வரவில்லை. அக்கா முதல் வாய் வைக்கும்வரை காத்திருந்து, அவள் முகத்தைப் பார்த்து, உப்பு தூக்கல், இன்னிக்குப் பிரமாதம் என்று சொல்லப் பழகிக்கொண்டான். பிறகு அது கைவந்த கலையாகிவிட்டது. கல்யாண வீட்டில் தனியாகப் பந்தியில் உட்கார மாட்டார். யாராவது எதிரில் வேண்டும்.

அவளே அதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தாள். கல்யாணமான புதிதில் ஏதோ சண்டை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றபடி, உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். பதில் இல்லை. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, சுற்றி வந்து, அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவளிடம் மட்டும் சொன்னார். அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது, தெரிந்தால் உடைந்துபோய்விடுவாள் என்றார். நல்ல சமையலைத் தின்றுகொண்டே குமட்டுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, அவர் ஐயோ பாவமாக, கொஞ்சம் சுமார்தான் என்று சொல்வதைக் கேட்பது அவளுக்குப் பல வருஷத்து விளையாட்டு.

வாளிக் கதையை நடித்துக் காட்டியவர், கசப்பை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அங்கேயே பிடித்திருப்பாள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் விட்டார். ஏன் இப்படிச் செஞ்சீங்க என்று உறையில் இருந்த கண்ணாடியைப் பார்த்து மனசுக்குள் கேட்டாள். கண்ணாடி. வேலைக்கு நடுவே கண்ணாடியைத் துடைத்துத் துடைத்தே சட்டை நுனி கசங்கிவிடுகிறது என்பாரே.

"கண்ணாடியில ஆவி படிஞ்சா என்னம்மா அர்த்தம்?"

"மூச்சு மேல் பக்கமா ஒழுகுதுன்னு அர்த்தம். மூக்குகிட்ட ஒட்டலைன்னா அப்படி ஆகும்" என்ற சிஸ்டர், சொல்லி முடிக்குமுன்பே அவளைப் பார்த்தாள். "ஏங்க்கா?"

சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவர் முகத்தில் மாஸ்க்கின் கோடு வலது கன்னத்தில் மட்டும்தான் பதிந்திருக்கும். மாஸ்க்குக்கு உங்கமேல ஒரு பக்கம்தான் ஆசையா என்று கேலி செய்வாள். கோணல் மூக்கு, ஒரே அளவில் வந்திறங்கிய மாஸ்க். எல்லாம் அவள் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

அப்படியென்றால் தன் இருமல் இல்லை. அந்த நினைப்பு வந்ததும் நெஞ்சு லேசாயிற்று, லேசானதும் வெட்கமாக இருந்தது. ஒட்டி உட்கார்ந்திருந்த நாத்தனாரைப் பார்த்தாள். தூக்குப்பாத்திரம் இன்னும் மடியில்தான் இருந்தது. இவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? இத்தனை வருஷம் அவர் கட்டிக்காத்ததை, அவர் போன அன்றே போட்டு உடைப்பதா? நோய் எங்கிருந்து வந்தால் என்ன, போனவர் வரப்போவதில்லை. பழியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். தூக்கிவிடவும் செய்திருப்பாள்.

ஆனால் சிஸ்டர் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஒருத்தர்கூடக் கசக்கிறது என்று சொல்லவில்லை, எல்லாருமே பாஸ் என்றாள். "அண்ணன் இல்லைன்னு சொன்னதும் அடுத்தவரும் இல்லைன்னார், அதுக்கடுத்தவரும் இல்லைன்னார். சீக்கிரம் முடிஞ்சுது."

வாழ்நாள் முழுக்க அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பேசியவர். அன்றைக்கு ஒரு அறையே அவர் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறது.

வார்டுக் கதவு திறந்தது. அவரோடு சேர்ந்து வேலை பார்த்தவர், இப்போது அவர் வண்டியையும் சேர்த்துத் தள்ளுகிறவர், காலி சிலிண்டரோடு வெளியே வந்தார். இவர்களைப் பார்த்ததும் நின்று தலைகுனிந்தார். பிறகு மாஸ்க்குக்கு மேலிருந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த சிலிண்டரை எடுக்கப் போனார். கண்ணாடி மறுபடி ஆவி படிந்து வெளுப்பதை அவள் பார்த்தாள்.

"அந்த அண்ணனை உள்ள விடாதம்மா" என்றாள்.

"என்னக்கா?"

"எங்க வீட்டுக்காரருக்குக் கசப்பு தெரியாதும்மா. எந்த ருசியுமே தெரியாது. சின்ன வயசுல இருந்தே. நீ முகத்தைச் சுளிச்ச, அதைப் பாத்து அவரும் சுளிச்சிருக்கார்."

சிஸ்டர் எழுந்து நின்றாள். மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே போயிற்று. பிறகு நடைபாதையில் சிலிண்டர் போன திசையில் ஓடினாள். ஆஸ்பத்திரியில் ஓடக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறவள் அவள்தான்.

இவள் பக்கம் திரும்பாமலே நாத்தனார் கேட்டாள்.

"எந்த ருசியுமேவா?"

"ஆமா அண்ணி."

நாத்தனார் தூக்குப்பாத்திரத்தின் மூடியை, மூடியிருந்ததையே, மறுபடி அழுத்தி மூடினாள்.

சற்று நேரத்தில் பெரிய டாக்டர் வேகமாக வந்தார். மகளும் பின்னால் வந்து நின்றாள். சிஸ்டரிடம் சொன்னதையே அவள் திரும்பச் சொன்னாள். டாக்டர் கேட்டுவிட்டு, நம்ப முடியாதவராக, "அப்ப எங்ககிட்ட பொய் சொல்லியிருக்கார்" என்றார்.

"பொய் இல்ல டாக்டர். அது அவருக்குப் பழக்கம்" என்றாள். "எல்லாரையும் கூட்டமா உக்காரவச்சுக் கேட்டீங்க. தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருந்தா..."

சொல்லியிருப்பார் என்று முடிக்கத்தான் நினைத்தாள். முடிக்கவில்லை. தனியாகக் கேட்டிருந்தாலும், எதிரே நின்ற சின்னப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, அவளுக்கு எது பிடிக்குமோ அதைத்தான் சொல்லியிருப்பாரோ என்னவோ. அவளுக்குத் தெரியவில்லை. இனி யாரைக் கேட்பது? அப்போதுதான் முதல் முறையாக, அவர் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. மகள் வந்து பிடித்துக்கொண்டாள்.

வண்டி புறப்பட்டபோது டீ ரூம் வாசலைக் கடந்து போனது. கதவு சாத்தியிருந்தது. வெளியே வார்டு ஆட்கள் வரிசையாக நின்றார்கள், யாரும் யாரோடும் பேசவில்லை. கதவு திறந்து ஒருத்தர் வெளியே வந்தார், அடுத்த ஆள் மட்டும் உள்ளே போனார், கதவு மறுபடி சாத்திக்கொண்டது. வெளியே வந்தவர் வாயைத் துடைத்துக்கொண்டே காறித் துப்பினார். நன்றாகக் கசந்திருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மகள் மெத்தையைக் கீழே கொண்டுவந்து சுவரோரம் சாய்த்துவிட்டு, அதன் மேலேயே தலையை வைத்துத் தூங்கிப்போனாள். அடுப்படியில் நாத்தனார் தூக்குப்பாத்திரத்தைத் திறந்து இரண்டு தட்டில் போட்டாள். கொட்ட மனசு வரலை என்றாள். இருமலைப் பற்றியோ, காலையில் சொன்ன வார்த்தையைப் பற்றியோ பேசவில்லை. ஒரு தட்டை இவள் பக்கம் நகர்த்திவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

"நான் செஞ்சதை ஒரு நாள்கூட அவன்..." என்று ஆரம்பித்தாள்.

"ஒரு நாள்கூட அவர் மிச்சம் வச்சதில்ல அண்ணி" என்றாள் அவள்.

நாத்தனார் கையைத் தட்டில் வைத்தபடி இவள் முதல் வாய் வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். துளி உப்பு இல்லை. காலையில் ஃபோன் வந்த நேரத்தில் போட விட்டுப்போயிருக்கும். மென்று விழுங்கினாள். அடுத்த வாய், அதற்கடுத்த வாய் என்று கை நிற்காமல் சாப்பிட்டாள்.

அதன்பிறகுதான் நாத்தனார் வாயில் வைத்தாள். வைத்ததும் நின்றாள். எழுந்துபோய் மேடைமேல் இருந்த உப்பு ஜாடியை எடுத்து வந்து, இரண்டு தட்டுக்கும் நடுவில் வைத்தாள்.

ஜாடி அங்கேயே இருந்தது. இரண்டு பேரும் மூடியைத் திறக்காமல் சாப்பிட்டு முடித்தார்கள்.